வெண்கட்டியும் கத்தியும்: பல் மருத்துவ மாணவரின் தேர்ச்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1950 ஆம் ஆண்டு தொடக்கம் 1972 ஆம் ஆண்டு வரை ஐக்கிய அமெரிக்காவிலே பல் மருத்துவக் கல்லூரியிற் சேர விரும்பிய மாணவனொருவன், இரசாயனத்துக்கும் உயிரியலுக்கும் விடையெழுதியதோடு அமையாது, பேனையை வைத்துவிட்டுச் சிறு கத்தியொன்றையும் கையிலெடுக்க வேண்டியிருந்தது. அவன் முன்னே வெண்கட்டித் துண்டொன்றும் ஒரு வரைபடமும் வைக்கப்பட்டன. படத்திற் காட்டப்பட்ட அளவுகளுக்கும் கோணங்களுக்கும் அமைய அவ்வெண்கட்டியைக் குறித்த நேரத்துக்குள் அவன் செதுக்கிக் கொடுத்தல் வேண்டும். சற்றே அழுத்தினாற் கட்டி உடையும். அஞ்சியஞ்சிச் சுரண்டினால் நேரம் போய்விடும். சட்டம் பயில வந்தவனிடம் எவரும் வெண்கட்டி செதுக்குமாறு கேட்கவில்லை. பற்களைக் குடைந்து அடைக்கும் தொழிலுக்கு வந்தவனிடம் மாத்திரம் மூளையோடு கைக்கும் பரீட்சை வைக்கப்பட்டது.

இவ்விநோதமான பரீட்சையின் பின்னணியில் ஒரு நீண்ட தேடல் இருந்தது. பல் மருத்துவம் பயிலும் மாணவர் சிலர் சிறப்புறத் தேறுவதும் வேறு சிலர் இடைநடுவிற் கைவிட்டுப் போவதும் எதனால்? நினைவாற்றலா, கைத்திறனா, முன்னர் பெற்ற கல்வியா, குடும்பத்தின் பொருள்நிலையா, கற்பிப்போரா? இவ்வினாவுக்கு வெவ்வேறு காலத்தவர் வெவ்வேறு விடை கண்டனர். அவ்விடைகளைக் கால ஒழுங்கில் நோக்குமிடத்து ஒன்று தெளிவாகும். தேர்ச்சிக்கும் தோல்விக்குமான காரணம் நெடுங்காலமாக மாணவனிடத்திலேயே தேடப்பட்டது. அவன் பயின்ற கல்லூரியில் அதனைத் தேடும் எண்ணம் மிகப் பிந்தியே தோன்றிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பல் வைத்தியம் குருவுக்குப் பின்னால் நின்று பழகும் ஒரு தொழிலாகவே இருந்தது. தச்சனிடமும் தட்டானிடமும் தொழில் பழகுவது போலவே பல் பிடுங்குவோனிடமும் இளைஞர் தொழில் பழகினர். அங்கே பரீட்சை இல்லை; ஆசான் போதுமென்று சொன்னாற் போதும். இந்நிலையை மாற்றியது 1840 ஆம் ஆண்டில் மேரிலாந்து மாநிலச் சட்டமன்றத்தின் பட்டயம் பெற்று எழுந்த போல்ற்றிமோர் பல் சத்திரசிகிச்சைக் கல்லூரியாகும். ஹொறஸ் ஹேய்டன், சப்பின் ஹரிஸ் என்னும் இருவரும் அதனை நிறுவினர். உலகின் முதலாவது பல் மருத்துவக் கல்லூரி எனப் போற்றப்படும் அந்நிறுவனத்திற் சேர்ந்த முதலணியினர் ஐவர். 1841 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றோர் இருவர். பல் மருத்துவக் கல்வியின் முதற் பெறுபேற்றுப் பட்டியலிலேயே சேர்ந்தோர் தொகைக்கும் தேறியோர் தொகைக்கும் இடையில் வேறுபாடு காணப்பட்டது. சில மாத விரிவுரைகளே அன்று பாடநெறியாக அமைந்தன. உடற்கூற்றியலும் நோயியலும் நூல்வழி கற்பிக்கப்பட்டபோதிலும், கையின் பழக்கம் பெரும்பாலும் வெளியிலுள்ள ஆசானிடமே பெறப்பட்டது. நூலறிவு, கைப்பழக்கம் என்னும் இவ்விரண்டினதும் பிரிவு பின்னாளிற் பல்வேறு வடிவங்களில் மீண்டும் மீண்டும் தோன்றுவதைக் காணலாம்.

போல்ற்றிமோரைப் பின்பற்றி எழுந்த கல்லூரிகள் பல தனியார் உடைமைகளாயிருந்தன. மாணவர் செலுத்தும் கட்டணமே அவற்றின் வருவாய். ஆசிரியர்களே பல இடங்களில் உரிமையாளர். இத்தகைய கல்லூரியொன்றில் மாணவனைத் தவறவிடுவதென்பது வருவாயைத் தவறவிடுவதாகும். ஆதலால் நுழைவுத் தகைமையும் தளர்ந்தது. வெளியேறும் தகைமையும் தளர்ந்தது. அக்காலத்துப் பெறுபேறுகளைக் கொண்டு மாணவரின் திறமையை அளவிட முற்படுவோர் முதலிற் கல்லூரியின் கணக்கேட்டைப் பார்த்தல் நன்று.

கட்டணம் செலுத்தக்கூடிய எல்லோருக்கும் கதவு திறந்திருந்தது எனவும் கருதிவிடலாகாது. லூசி ஹொப்ஸ் என்னும் அம்மையார் சின்சினாட்டியிலுள்ள ஒஹையோ பல் சத்திரசிகிச்சைக் கல்லூரியில் இடங் கேட்டபோது, பெண் என்ற ஒரே காரணத்தால் மறுக்கப்பட்டார். அவர் தனிப்பட்ட முறையிற் பயின்று சொந்தமாகத் தொழில் நடத்தினார். 1865 ஆம் ஆண்டில் அயோவா மாநிலப் பல் வைத்தியர் சங்கம் அவரை அங்கத்தவராக ஏற்றுக்கொண்ட பின்னரே அக்கல்லூரி இணங்கியது. நேரடியாக இறுதி வகுப்பிற் சேர்க்கப்பட்ட அவர் சில மாதங்களிலேயே, 1866 பெப்ரவரியில், பட்டம் பெற்றார். பல் மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. றொபேட் ரானர் பிறீமன் என்பாரின் வரலாறும் இதனையொத்ததே. அடிமைகளாயிருந்த பெற்றோரின் புதல்வரான அவரை இரண்டு கல்லூரிகள் நிறம் காரணமாக ஏற்க மறுத்தன. 1867 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஹாவார்ட் பல் மருத்துவக் கல்லூரி அவரை ஏற்றது. 1869 ஆம் ஆண்டில் அங்கு பட்டம் பெற்ற முதலணியினர் அறுவருள் அவரும் ஒருவர். இவ்விருவரும் முன்னர் விலக்கப்பட்டதற்குக் காரணம் நினைவாற்றலின் குறைவுமன்று, கைத்திறனின் குறைவுமன்று. தேர்ச்சி பற்றிய புள்ளிவிபரங்களைப் படிக்கும்போது, அவற்றுட் புகாமலே வாசலில் நிறுத்தப்பட்டோரையும் நினைவிற் கொள்ள வேண்டியுள்ளது.

இத்துறையின் வரலாற்றில் மிகுந்த வியப்புக்குரியவர் கிறீன் வாடிமன் பிளாக் என்பவராவர். 1836 ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்து விவசாயக் குடும்பமொன்றிற் பிறந்த அவர் பெற்ற முறையான பள்ளிக் கல்வி மிகச் சொற்பம். வைத்தியராயிருந்த தமையனிடம் சிறிது மருத்துவம் கற்றார். பல் வைத்தியர் ஒருவரிடம் சில மாதங்கள் மட்டும் தொழில் பழகினார். எஞ்சியவை யாவும் தாமே தேடிக்கொண்டவை. பல்லின் குழியை எவ்வடிவிற் குடைந்தால் அடைப்பு நிலைத்து நிற்கும் என்பதை அவர் அளந்து ஆராய்ந்து வகுத்த முறைகளும், பற்சூத்தையை இடத்துக்கேற்ப வகைப்படுத்திய பாகுபாடும் நூறாண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்களில் நிலைத்துள்ளன. 1897 ஆம் ஆண்டில் நோர்த்வெஸ்ரேன் பல்கலைக்கழகத்துப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் பீடாதிபதியான அவர், 1915 ஆம் ஆண்டில் மறையும் வரை அப்பதவியில் இருந்தார். பிற்காலத்து நுழைவு விதிகளின்படி நோக்கின், பீடாதிபதி பிளாக்குக்கு அவருடைய கல்லூரியிலேயே மாணவனாகச் சேர இடங் கிடைத்திராது.

ஆயினும் ஒரு பிளாக்கை முன்னுதாரணமாகக் கொண்டு ஒரு கல்விமுறையை அமைத்தல் இயலாது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்து உயிர் இரசாயனப் பேராசிரியரான வில்லியம் கீஸ், கார்ணகி நிறுவனத்தின் சார்பில் ஐக்கிய அமெரிக்காவினதும் கனடாவினதும் பல் மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து 1926 ஆம் ஆண்டிற் பேரறிக்கையொன்றை வெளியிட்டார். அவர் பல் வைத்தியர் அல்லர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. தொழிலுக்கு வெளியே நின்று நோக்கிய கண் அது. பல் மருத்துவம் மருத்துவத்துக்கு நிகரான அறிவுத்துறை, அது பல்கலைக்கழகத்துள்ளேயே அமைதல் வேண்டும், சேர்வோர் போதிய பொதுக் கல்வி பெற்றவராயிருத்தல் வேண்டும் என அவர் வற்புறுத்தினார். வணிக நோக்குடைய கல்லூரிகள் அதன்பின் சில ஆண்டுகளில் மறைந்தொழிந்தன. 1930களில், பல் மருத்துவம் பயிலப் புகுமுன் ஈராண்டுக் கல்லூரிப் படிப்பு அவசியம் என்னும் நிலை உருவாகியது.

கீஸ் அறிக்கையால் விளைந்த நன்மை பெரிது. எனினும் அதனோடு ஒரு புதிய சிக்கலும் பிறந்தது. நூற்படிப்பிற் சிறந்தோரைத் தெரிந்தெடுத்த கல்லூரிகள், அவர்களுட் சிலர் மெழுகிற் பல் செதுக்கும் வகுப்பிலும் நோயாளியின் வாயருகிலும் தடுமாறுவதைக் கண்டன. அப்போது உளவியலாளரின் துணை நாடப்பட்டது. கைத்தொழிற்சாலைகளுக்கு வேலையாட்களைத் தெரிவதற்கு ஜோன்சன் ஒகொனர் என்பார் 1920களில் ஒரு சோதனையை வகுத்திருந்தார். துளைகளுடைய பலகையொன்றிலே சிறு ஊசிகளைச் சாவணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தும் சோதனை அது. தொழிற்சாலைக்குரிய அச்சோதனையும் பல் மருத்துவ மாணவரிடையே பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. பலன் எதிர்பார்த்த அளவுக்கு இருக்கவில்லை. ஊசியை விரைந்து நிறுத்துபவன் நல்ல பல் வைத்தியனாவான் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரச்சினை அவசரமாயிற்று. 1944 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாகப் போரிலிருந்து மீண்ட இலட்சக்கணக்கானோர் அரச உதவியுடன் கல்லூரிகளை நாடினர். இடங்கள் சில, விண்ணப்பங்கள் மிகப் பல. இடைநடுவில் விலகும் ஒவ்வொரு மாணவனும் வேறொருவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தை வீணாக்குகின்றான் என்ற எண்ணம் வலுப்பெற்றது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1940களின் பிற்பகுதியில் உளச்சார்புப் பரீட்சையொன்றைப் பரீட்சார்த்தமாக நடத்தி, 1950 ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விஞ்ஞான அறிவு, வாசித்து விளங்குதல், கணிதம், இடவெளி பற்றிய உணர்வு ஆகியவற்றோடு வெண்கட்டி செதுக்கலும் அதில் இடம்பெற்ற வரலாறு இதுவே.

இப்பரீட்சை ஆராய்ச்சியாளருக்குப் பெருஞ் செல்வமாயிற்று. ஆண்டுதோறும் சேர்ந்தோரின் நுழைவுப் புள்ளிகளைப் பின்னர் அவர்கள் பெற்ற புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. ஒப்பீடுகளிற் பொதுவாகக் காணப்பட்டவை சிந்தனைக்குரியவை. முன்னைய கல்லூரிப் புள்ளிகளும் விஞ்ஞானப் பரீட்சைப் புள்ளிகளும் முதலிரண்டு ஆண்டுகளின் தேர்ச்சியை ஓரளவு முன்னறிவித்தன. அவ்வாண்டுகளின் பாடங்களோ உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனம் என்னும் நூற்பாடங்கள். படித்து எழுதத் தெரிந்தவன் மீண்டும் படித்து எழுதினான் என்பதற்கு மேல் இதில் வியப்பில்லை. வெண்கட்டிப் புள்ளி ஆய்வுகூடச் செய்முறைகளோடு சிறிதளவு தொடர்பு காட்டிற்று. நோயாளிக்குச் சிகிச்சை செய்யும் இறுதியாண்டுகளை அடைந்ததும் நுழைவுப் புள்ளிகள் யாவும் வலுவிழந்தன. எவன் நல்ல சிகிச்சையாளனாவான் என்பதை வெண்கட்டியும் சொல்லவில்லை, விஞ்ஞான வினாத்தாளும் சொல்லவில்லை.

இதற்குக் காரணமாகக் கூறப்பட்டவற்றுள் ஒன்று முக்கியமானது. கைத்திறன் பிறப்போடு வரும் நிலையான பொருளன்று. பயிற்சியால் அது வளர்வது. முதல் நாளிற் பின்தங்கிய கை, ஓராண்டுப் பயிற்சியின் பின் முந்திய கையை ஏறத்தாழ எட்டிவிடுகின்றது. எனவே நுழைவாயிலில் எடுக்கப்படும் அளவு, மாணவன் அன்றுவரை பெற்ற பழக்கத்தை அளக்கின்றதேயன்றி இனி அவன் அடையக்கூடியதை அளக்கவில்லை. தந்தையின் பட்டறையில் உளி பிடித்துப் பழகியவனுக்கு வெண்கட்டி பணிந்திருக்கும். பட்டறையே கண்டிராதவனுக்கு அது உடைந்திருக்கும்.

1972 ஆம் ஆண்டில் வெண்கட்டி கைவிடப்பட்டது. அதன் இடத்தை வடிவங்களையும் கோணங்களையும் தாளிற் கண்டு விடையளிக்கும் பரீட்சையொன்று பெற்றது. ஆயிரக்கணக்கான வெண்கட்டித் துண்டுகளைச் சேகரித்து, ஒவ்வொன்றையும் ஆள்வைத்து அளந்து புள்ளியிடுதல் செலவும் சிரமமும் மிக்க காரியம். தாட்பரீட்சையோ எளிதாகத் திருத்தத்தக்கது. கையைச் சோதிப்பதற்கென்று தோன்றிய பரீட்சை, கையே வேண்டாத பரீட்சையாக முடிந்ததை வரலாற்றின் குறும்பு எனலாம். அண்டை நாடான கனடாவில் மாத்திரம் சவர்க்காரக் கட்டியைச் செதுக்கும் பரீட்சை அண்மைக்காலம் வரை நீடித்தது.

1980 ஆம் ஆண்டளவில் ஆராய்ச்சியின் முகம் வேறு திசைக்குத் திரும்பிற்று. கார்பீ, சக்கர், செல்பி என்னும் மூவர் அவ்வாண்டில் வெளியிட்ட ஆய்வு பல் மருத்துவ மாணவரிடம் வேறுவகையான வினாக்களைத் தொடுத்தது. உன்னிடம் என்ன திறமை உண்டு என்பதல்ல வினா. இங்கே உன்னை வருத்துவது எது என்பதே வினா. பரீட்சைகள், தவறிவிடுவேனோ என்ற அச்சம், குறித்த தொகைச் சிகிச்சைகளை முடிக்க வேண்டிய கட்டாயம், குறித்த நேரத்துக்கு வராத நோயாளர், ஒருவருக்கொருவர் முரணாகச் சொல்லும் மேற்பார்வையாளர், பணக் கவலை போன்றவற்றை உள்ளடக்கிய வினாக்கொத்து பின்னர் பல நாடுகளில் எடுத்தாளப்பட்டது. தேர்ச்சியின் காரணத்தை மாணவனின் மண்டையோட்டுக்குள்ளும் விரல் நுனியிலும் தேடிய நூற்றாண்டுப் பழக்கத்திலிருந்து இது ஒரு விலகல்.

இவற்றுட் சிகிச்சைத் தொகை பற்றிய விதி விளக்கம் வேண்டுவது. பல் மருத்துவ மாணவன் இறுதிப் பரீட்சைக்குத் தகுதிபெற, இத்தனை அடைப்புகள், இத்தனை பல் அகற்றல்கள், இத்தனை செயற்கைப் பற்தொகுதிகள் எனக் குறித்த எண்ணிக்கையைத் தன் கையாற் செய்து முடித்திருத்தல் வேண்டும் என்பது பல நாடுகளின் வழக்கம். மருத்துவ மாணவன் கட்டிலருகே நின்று பார்த்துக் கற்பதில் ஒரு பகுதியையேனும் ஈடுசெய்யலாம். பல் மருத்துவ மாணவனோ, மீளப் பெறமுடியாத ஒரு மனித உறுப்பைத் தானே குடைந்து கற்கின்றான். செயற்கைப் பற்தொகுதிக்கு அளவெடுத்த முதியவர் இரண்டாந் தடவை வராதொழிந்தால், பேருந்து தவறினாலும், மழை பெய்தாலும், அவர் இறந்தேபோனாலும், குறைவது மாணவனின் கணக்கே. அவனுடைய தேர்ச்சி இவ்வாறு இன்னொருவரின் வருகையிலே தங்கியிருக்கின்றது. இவ்வகைக் காரணியை எந்த உளச்சார்புப் பரீட்சையாலும் அளத்தல் இயலாது.

இலங்கையில் இவ்வினா வேறொரு கோலத்திலே தோன்றிற்று. இங்கு பல் மருத்துவக் கல்வி 1938 ஆம் ஆண்டிற் கொழும்பு மருத்துவக் கல்லூரியிலே ஆரம்பமாகி, 1942 ஆம் ஆண்டில் உருவான இலங்கைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாகி, 1950களிற் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. மருத்துவ பீடத்தின் ஒரு பகுதியாக நெடுநாள் இயங்கியபின், 1980களில் தனிப் பீடமாயிற்று. பிரித்தானிய மரபைத் தழுவிய அக்கல்விக்கு வெண்கட்டிப் பரீட்சை ஒருபோதும் வாயிலாக அமையவில்லை. தாவரவியல், விலங்கியல், இரசாயனம், பௌதிகம் என்னும் நான்கு பாடங்களிற் பெற்ற புள்ளிகளே வாயிலாக அமைந்தன. 1960களில் விஞ்ஞானப் பாடங்களும் சுயமொழிகளிற் கற்பிக்கப்பட்டதோடு, தமிழிலும் சிங்களத்திலும் விடையெழுதிய மாணவர் பல்கலைக்கழக வாசலுக்கு வந்தனர்.

1971 ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் தெரிவுசெய்யப்படுவதற்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகளும் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகளும் ஆகக் குறைந்த எல்லைகளாக வகுக்கப்பட்டன. மொத்தப் புள்ளிகள் 400. தமிழ்ப் பரீட்சகர் தாராளமாகப் புள்ளியிட்டனர் என்ற ஐயம் அக்காலத்திற் கிளப்பப்பட்டது, அது நிறுவப்படவில்லை. 1973 ஆம் ஆண்டிற் தராதரப்படுத்தலும் 1974 ஆம் ஆண்டில் மாவட்டப் பங்கீடும் தொடர்ந்தன. இருபத்தொரு புள்ளி வேறுபாடு எத்தனை தமிழ் இளைஞரின் வாழ்வைத் திசைதிருப்பிற்று என்பதும், அதன் அரசியல் விளைவுகள் எத்துணைப் பாரதூரமானவை என்பதும் யாவரும் அறிந்தவை. இங்கு நோக்கற்பாலது அவ்விவாதத்தின் இன்னொரு பக்கம். வகுத்தவர் தரப்பும் எதிர்த்தவர் தரப்பும் நுழைவுப் புள்ளியையே திறமையின் இறுதி அளவுகோலாகக் கொண்டன. ஒரு தரப்பு அப்புள்ளியைத் திருத்த முற்பட்டது; மறுதரப்பு அதனைத் திருத்தாது விடுமாறு கோரிற்று. அநீதி அநீதியே, மொழியை வைத்து ஒரே பரீட்சைக்கு இரு எல்லைகளை வகுத்தமைக்கு நியாயம் காணல் அரிது. ஆயினும், வாசலைத் தாண்டி உள்ளே சென்றவனுக்கு அங்கு நேர்ந்தவை அவ்விவாதத்திலே பெரிதாக இடம்பெறவில்லை. அமெரிக்கர் தம் வெண்கட்டியைக் கைவிட்டது இதற்கடுத்த ஆண்டிலேயே; அதற்கு முன்னரான இருபதாண்டுக் காலத்தில் நுழைவுப் புள்ளியின் குறைபாட்டை அவர்கள் எண்ணிக் கண்டிருந்தனர்.

2001 ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி முறை நடைமுறையிலுள்ளது. நாடளாவிய திறமைக்கு நூற்றுக்கு 40, மாவட்டங்களுக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 என்னும் பங்கீட்டின் கீழ், தசமதானம் நான்கு வரை கணிக்கப்படும் ஒரு எண் மாணவனின் பீடத்தைத் தீர்மானிக்கின்றது. மருத்துவத்துக்கு எட்டாத புள்ளி பல் மருத்துவத்துக்கு எட்டும் என்பதால் அங்கு வந்து சேர்வோரும் உளர். விரும்பிய துறை கைநழுவிய ஏக்கத்தோடு முதலாண்டைத் தொடங்குபவனின் தேர்ச்சிக்கும், அத்துறையை விரும்பி வந்தவனின் தேர்ச்சிக்கும் இடையிலான வேறுபாட்டை அவ்வெண் காட்டுவதில்லை.

பதின்மூன்று ஆண்டுகள் தமிழிற் கற்று, தமிழில் உயர்தரப் பரீட்சை எழுதிய யாழ்ப்பாணத்து மாணவனோ மட்டக்களப்பு மாணவியோ பேராதனைக்கு வந்ததும் முதலாம் ஆண்டு விரிவுரைகளை ஆங்கிலத்திற் கேட்கின்றனர். மாத்தறையிலிருந்து சிங்களத்திற் கற்று வந்த மாணவனுக்கும் இதே இடர்தான். 1971 ஆம் ஆண்டின் இரு எல்லைகளுக்கும் உட்பட்டோர் இவ்விடத்தில் ஒரே வாங்கிலே அமர்ந்திருந்தனர். மூன்றாம் ஆண்டளவில் நோயாளியின் முன் செல்லும்போது நிலைமை மீண்டும் மாறுகின்றது. கண்டிப் புறத்துக் கிராமத்தவரிடம் நோவு எப்போது தொடங்கிற்று, குளிர்நீர் பட்டாற் கூசுகின்றதா என்பவற்றைச் சிங்களத்திற் கேட்டறிதல் வேண்டும். அதே கதிரையில் மறுநாள், நாற்பதாண்டுகளாக வெற்றிலை மென்ற தோட்டத் தொழிலாளியான மூதாட்டி ஒருவர் வாயில் ஆறாத புண்ணோடு வந்து அமர்கின்றார். அவரிடம் தமிழிற் பேசத் தெரிந்தவன், முதலாம் ஆண்டிலே ஆங்கில விரிவுரைகளைத் தொடர முடியாமற் பின்வாங்கிற் சென்று அமர்ந்த அதே மாணவனாயிருத்தல் கூடும். புண் எப்போதிருந்து உள்ளது, எப்பக்கத்தில் வெற்றிலையை அடக்குவது வழக்கம், புகையிலையும் சேர்ப்பதுண்டா என அவன் கேட்கிறான்; மூதாட்டி தோட்டத்துப் பேச்சிலேயே விடை கூறுகிறார்; அவன் அவற்றை ஆங்கிலத்திற் குறித்துக்கொண்டு மேற்பார்வையாளரை அழைக்கிறான்.